பயண நோட்டு எழுதலாமா? ஐம்பதைத் தாண்டியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு மர பீரோவின் மேல்தட்டில் 31 நோட்டுகள் இருக்கின்றன. (ஏன் மேல்தட்டு என்பது பின்னால் வரும்.) முதல் நான்கும் அப்பா எழுதியவை. மீதி நான் 1986-இலிருந்து எழுதி வருபவை. எல்.டி.சி.யில் (வேலையில் கிடைக்கும் பயணச் சலுகை) போன டெல்லி, ஆக்ரா முதல் மருமகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்த சிங்கப்பூர் வரை எல்லாம் அதில் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வயதுக்காரர்கள் நடைப்பயிற்சியிலும் கல்யாண வீட்டிலும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

போனில் ஆயிரம் படம் இருக்கிறதே, எழுதவும் வேண்டுமா?

வேண்டும். ஹம்பிக்குப் போனபோது விட்டலர் கோயில் கல்தேரை மட்டும் 26 படம் எடுத்தேன். ஐம்பது ரூபாய் நோட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள், நான் எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. அந்த 26 படங்களைப் பார்த்தால் தேர் தெரிகிறது, அவ்வளவுதான். நோட்டில் இருப்பது வேறு. கைடாக வந்த பையன் தேரைப் பற்றிச் சொன்னதைவிட அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனைப் பற்றித்தான் அதிகம் சொன்னான். வெயிலில் என் நாத்தனாருக்கு மூக்கில் ரத்தம் வந்து, யாரோ ஒரு கன்னடப் பாட்டி வெங்காயத்தை நசுக்கி முகரக் கொடுத்தார். இதெல்லாம் எந்தப் படத்திலும் இல்லை.

லிண்டா ஹெங்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. "கேமரா பார்த்துக்கொள்ளும்" என்று மனசு விட்டுவிடுகிறது போலும். ஆனால் ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. 2017-இல் வந்த இன்னோர் ஆய்வு கொஞ்சம் மாற்றிச் சொன்னது: தாமாக விரும்பிப் படம் எடுப்பவர்களுக்குப் பார்த்தது நன்றாக நிற்கிறது, காதில் விழுந்தது போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: படம் எடுங்கள், கொஞ்சமாக எடுங்கள், காதில் விழுந்ததை எழுதி வையுங்கள்.

எனக்கு ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது. எனக்கும் வேண்டுமா?

உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். மறந்துபோனது மறந்துபோனதாகத் தெரியும். தப்பாக ஞாபகம் இருப்பது தெரியவே தெரியாது.

குற்றாலம் ஐந்தருவியில் தன் செருப்பு அடித்துக்கொண்டு போன கதையை என் வீட்டுக்காரர் இருபது வருடமாகச் சொல்லி வந்தார். கையைக் காலை ஆட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பியது என்றெல்லாம் சொல்வார். ஒரு நாள் பேரனுக்காக அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பயணத்துக்கு அவர் வரவே இல்லை. ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. செருப்பு போனது அவர் தம்பிக்கு. கேட்டுக் கேட்டு இவருக்கே நடந்ததாக ஆகிவிட்டது. நோட்டைக் காட்டிய பிறகும், "நீ அவசரத்தில் என் பெயரை விட்டிருப்பாய்" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனால் உறுதியாகத்தான் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் சிலர் ஒப்பவில்லை. அவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். நாமோ முழங்கால் மாத்திரை சாப்பிட்டோமா என்று அட்டையை எண்ணிப் பார்க்கிற வயதில் இருக்கிறோம்.

சரி, என்னதான் எழுதுவது?

இதற்கு எனக்குக் கிடைத்த பெரிய ஆசிரியர் அப்பாவின் கணக்கு நோட்டுதான். பள்ளிக்கூட வாத்தியார், 1979-இல் அம்மாவோடு காசிக்குப் போனார். கங்கையின் மகிமை, கோபுர தரிசனம் என்று ஒரு வரி எழுதவில்லை. செலவு மட்டும்தான். "கூலி 2.00. பால் 0.75. குடை ரிப்பேர் 1.50. படகு 4.00 (ஐந்து கேட்டான்)." ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும், "விட்டது: பாகற்காய் (நான்), கொய்யா (அவள்)." காசிக்குப் போனால் ஒரு காயும் ஒரு பழமும் விட வேண்டும் என்பார்களே, அது. எனக்கு அப்போது பதினான்கு வயது, கூடப் போயிருந்தேன். "குடை ரிப்பேர்" என்ற அந்த இரண்டு சொல்லைப் படித்ததும் அலகாபாத் ஸ்டேஷன் வாசலில் பெய்த மழை, குடைக் கம்பியைப் பல்லால் கடித்து வளைத்த ஆள், அவர் பக்கத்தில் கட்டியிருந்த ஆடு எல்லாம் வரிசையாக வருகின்றன. பெரிய கோயிலில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நோட்டு என்பது நடந்ததை முழுதாகப் பிடித்து வைக்கும் பாத்திரம் இல்லை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கொலுசு போடுவார்களே, அந்த மாதிரி. கொக்கி நன்றாக இருந்தால் வாளி வரும்.

எந்தக் கொக்கி நல்லது என்றும் ஒருவர் பார்த்திருக்கிறார். வில்லெம் வாகனார் என்ற டச்சு உளவியலாளர் ஆறு ஆண்டுகளில் தனக்கு நடந்த சுமார் 2,400 நிகழ்ச்சிகளை என்ன, யார், எங்கே, எப்போது என்று பிரித்து எழுதி வைத்து, பிறகு தன்னையே சோதித்தார். 1986-இல் முடிவை வெளியிட்டார். "என்ன" என்பதுதான் நல்ல கொக்கி. "எப்போது" என்ற தேதி மட்டும் கையில் இருந்தால் அநேகமாக எதுவும் ஞாபகம் வரவில்லை. நம்மில் பலர் டைரியில் என்ன எழுதுகிறோம்? "14.5.98. காலை 6 மணிக்குக் கிளம்பினோம். 9 மணிக்கு டிபன். 11 மணிக்கு தரிசனம். நன்றாக இருந்தது." முழுக்க "எப்போது". இருபது வருடம் கழித்து இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. டிபன் என்ன, யார் அதில் உப்பில்லை என்று சண்டை போட்டார்கள், அதை எழுதுங்கள்.

கோயிலின் தலவரலாறு, கோபுரத்தின் உயரம், அரசன் பெயர் எல்லாம் வேண்டாம். அவை நாளைக்கும் கிடைக்கும். அன்றைக்கு மட்டுமே இருந்தது எதுவோ அதை எழுதுங்கள். விலை, பக்கத்து சீட்டுக்காரர் பேச்சு, லாட்ஜ் அறையின் வாசனை. வாசனைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. மற்றப் புலன்களைவிட அது மூளையில் உணர்ச்சியும் நினைவும் சேரும் பகுதிகளுக்கு நேர்வழியாகப் போகிறது. "புது சுண்ணாம்பும் அந்துருண்டையும்" என்று நான் 1991-இல் எழுதிய மூன்று சொல் போதும், மைசூர் சத்திரம் முழுதும் திறந்துகொள்கிறது.

நாள் முழுக்க அலைந்துவிட்டு இரவில் எழுதத் தெம்பு இல்லை. ஊருக்கு வந்து எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பாதி போயிருக்கும். மறதி முதல் நாளிலேயே வேகமாக வேலையை முடித்துவிடுகிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதினார். எனவே அன்றன்றைக்குப் பத்துச் சொல் மட்டும். வாக்கியமே வேண்டாம். "நீலப் பல்ப். இட்லி கல். டிரைவர் மகள் பிளஸ் டூ." ஊருக்கு வந்து விரித்து எழுதிக்கொள்ளலாம். விரித்து எழுதாவிட்டாலும் பாதகமில்லை, அந்தப் பத்துச் சொல்லே பல சமயம் போதுமானதாக இருந்திருக்கிறது.

நோட்டா, போனா?

எது கைக்கு வருமோ அது. விரல் நடுங்குகிறவர்கள் போனில் பேசினால் அதுவே தமிழில் தட்டெழுதிவிடும். தப்புகள் வரும், சிரித்துக்கொண்டே திருத்தலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 2003 சிங்கப்பூர்ப் பயணத்தை நான் பெருமையாகக் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்து சி.டி.யில் போட்டு வைத்தேன். பத்து வருடம் கழித்து வேறு கணினியில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். யாரோ புண்ணியவான் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். அதே ஆண்டு அப்பாவின் 1979 நோட்டைத் திறக்க எனக்கு எந்த மாற்றியும் தேவைப்படவில்லை. போனில் எழுதினால் வருடம் ஒருமுறை அச்செடுத்து வைத்துவிடுங்கள்.

என்ன நோட்டு, என்ன பேனா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இரண்டரை அடி தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் நோட்டுகள். ஜெல் பேனாவால் எழுதிய என் அந்தமான் நோட்டு நீலத் தண்ணீராகப் போய்விட்டது. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை கலங்கலாகத் தப்பின. அப்பா பென்சிலால் எழுதிய நோட்டு மட்டும், மின்விசிறிக்கு அடியில் பக்கம் பக்கமாகக் காயவைத்ததும், நேற்று எழுதியதுபோல வந்து நின்றது. கரிக்கோடு தண்ணீரில் கரைவதில்லை, வெளிச்சத்தில் வெளுப்பதும் இல்லை. மேல்தட்டுக்கு மாறிய கதை இதுதான்.

நூல் தையல் போட்ட சாதாரண நீள நோட்டு போதும். கம்பிச் சுருள் நோட்டு வேண்டாம், நம் கடற்கரை ஊர்களில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். செலோ டேப்பும் வேண்டாம், பழுத்துப் பழுப்பாகிப் பின்பக்கம் வரை கறை இறங்கும். கண்டக்டர் மெஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட்டை ஆசையாக ஒட்டி வைக்கிறவர்களுக்கு: அது சூட்டில் அச்சாகும் தாள். ஓரிரு வருடத்தில் வெள்ளையாகிவிடும். பஸ் நம்பரையும் கட்டணத்தையும் பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள்.

ராமபாணப் பூச்சிக்கு எங்கள் வீட்டில் வசம்புத் துண்டு போடுகிறோம். ஓலைச்சுவடிக்கு வைத்த மருந்துதான். அதைவிட முக்கியம், மாதம் ஒருமுறை நோட்டை எடுத்துப் புரட்டுவது.

இத்தனை வருடம் எழுதவில்லை. பழைய பயணங்களை இப்போது எழுதலாமா?

தாராளமாக. ஆனால் ஒரு வரிசை சொல்கிறேன். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகம் நினைவில் தங்குவதைப் பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கல்லூரிச் சுற்றுலாவையும் கல்யாணமான புதிதில் போன ஊட்டியையும் கடைசியில் எழுதலாம், அவை எங்கேயும் போகாது. நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை, பிள்ளைகள் படிப்பு, லோன், மாமியார் ஆபரேஷன் என்று ஓடிய காலத்தில் நடுவில் போன பயணங்கள் இருக்கின்றனவே, அவைதான் முதலில் கரையும். அவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

வருடம் தெரியவில்லை என்றால் ஊரையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள். ராமேஸ்வரத்துக்கு ரயிலைத் தவிர வழியில்லாத காலம் என்றால் 1988-க்கு முன். அந்த வருடம்தான் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது. செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு மீட்டர் கேஜில் குகைக்குள் போனோம் என்றால் 2010-க்கு முன். டிக்கெட்டில் "மெட்ராஸ்" என்று இருந்தால் அநேகமாக 1996-க்கு முன். அப்புறம், நிச்சயமாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். நான் ஊகத்துக்குப் பக்கத்தில் "போல" என்று சின்னதாகப் போடுவேன். கூட வந்தவர்களுக்கு போன் போட்டுக் கேளுங்கள். அதே பயணத்தை உங்கள் தங்கை வேறு பயணமாக வைத்திருப்பார். இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

எழுதினால் மறதி நோய் வராதா?

அப்படி யாரும் உறுதி தர முடியாது, நானும் தரமாட்டேன். நோட்டு மருந்து இல்லை.

பக்கத்து ஊர்ப் பெயர் வாயில் வராமல் தவிப்பதும், சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் வயதோடு வருவது. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, சாவி எதற்கு என்றே குழம்புவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு தரம் கேட்பது வேறு. அதற்கு டாக்டரிடம் போக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மன அழுத்தம், சாப்பிடும் சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவை கண்டுபிடித்தால் சரிசெய்யக் கூடியவை. "வயசாச்சு இல்லையா" என்று வீட்டில் இருந்தே முடிவு கட்டிவிடுகிறோம், அதில் எனக்குக் கோபம் உண்டு.

அம்மாவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. பழைய நோட்டைப் படித்துக் காட்டலாமா?

காட்டலாம். நோய் குணமாகாது, ஆனால் அந்த அரை மணி நேரம் நன்றாக இருக்கும். முதியவர்கள் பழசையே பேசுவதை அறிவு மங்குவதன் அடையாளமாகப் பார்த்த காலத்தில், ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர் 1963-இல், அது வாழ்க்கையைத் திரும்பப் பார்க்கும் இயல்பான காரியம் என்று எழுதினார். இன்றைக்குப் பழைய படம், பாட்டு, பொருள்களை வைத்துப் பேச வைப்பதை ஒரு பராமரிப்பு முறையாகவே பல இடங்களில் செய்கிறார்கள். பலன் கொஞ்சம்தான், ஆளுக்கு ஆள் வேறு.

பரீட்சை வைக்காதீர்கள். "இது யார் சொல்லு பார்க்கலாம்?" என்று கேட்பதைப்போல அவர்களைச் சுருங்க வைப்பது வேறில்லை. நீங்களே படியுங்கள், நிறுத்துங்கள், அவர்கள் ஏதாவது சொன்னால் அந்தப் பக்கம் போங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம்.

என் அம்மா கடைசி இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். ஒரு நாள் வாசலில் வந்த வண்டியைப் பார்த்து கொய்யாப்பழம் கேட்டார். காசியில் விட்ட பழம், முப்பத்தைந்து வருடமாகத் தொட்டதில்லை. அண்ணன் கொடுக்கக் கூடாது என்றார். நான் நோட்டை எடுத்து வந்து அந்த ஓரக் குறிப்பைப் படித்தேன். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் பாகற்காயை விட்டார் பார், பிடிக்காததை விட்டுவிட்டார்" என்றார். பழமும் கொடுத்தோம். விசுவநாதர் அவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

எனக்கு எழுதவே வராது.

கணக்கு எழுத வருமா? போதும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், போன சரக்கு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று பேசுகிற தமிழிலேயே எழுதிக்கொண்டு போனார். இலக்கியம் செய்கிறோம் என்று அவர் நினைத்திருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய இன்றைக்கு வரலாற்றுக்காரர்கள் அவரிடம்தான் போகிறார்கள்.

கூட வந்தவர்களோடு சண்டை, அவமானம், இதையெல்லாம் எழுதலாமா?

சண்டையை எழுதுங்கள். சுற்றுலா என்றாலே சண்டைதான். பிற்பாடு படித்தால் உங்கள் பக்கத்துத் தப்பும் தெரியும். பிறர் நம்பிச் சொன்ன ரகசியத்தை மட்டும் எழுதாதீர்கள். நோட்டுக்குப் பூட்டு கிடையாது.

முழங்கால் போய்விட்டது. இனிமேல் எங்கே பயணம்?

டவுன் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புங்கள். என் தோழி ஒருத்தி டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை ஆட்டோவில் போகிற வழியை எழுதுகிறாள். எந்தக் கடை மூடியது, எந்த வீட்டில் கோலம் பெரிதானது என்று. நான் படித்த நல்ல பயண நோட்டுகளில் அது ஒன்று.

எனக்குப் பிறகு இதெல்லாம் என்ன ஆகும்?

பழைய பேப்பர்க்காரரிடம் போகலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒரே ஒருவரிடமாவது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். பக்கங்களைப் படம் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். இபின் பதூதா என்ற 14-ஆம் நூற்றாண்டு மொராக்கோ பயணி, மத்திய ஆசியாவின் புகாராவில் எழுதி வைத்த குறிப்புகளை இந்தியக் கடலில் கொள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்ததாக அவரே சொல்கிறார். பிறகு மொராக்கோவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி, 1355-இல் முடித்தார்கள். அவர் இலங்கையின் பாவா ஆதம் மலை (சிவனொளிபாத மலை) ஏறியவர், மதுரை வரை வந்தவர். அந்தக் குறிப்புகள் தப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மாதிரிக்கு ஒரு பக்கம் காட்டுங்களேன்.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலிருந்து ரயில் போகவில்லை. 2025-இல் புதுப் பாலம் வந்துவிட்டது. அதனால் இந்தப் பக்கம். எழுதியபடியே தருகிறேன்.

"22.1.2011, சனி. மதுரை – ராமேஸ்வரம் பாசஞ்சர். ஜன்னல் எனக்குக் கிடைத்தது, இவருக்குக் கோபம். மானாமதுரையில் ஏறியவர் மடியில் கடம், துணியில் சுற்றிக் குழந்தைபோல. தட்டிக் காட்டச் சொன்னேன், 'ரயில்ல தட்டக் கூடாதும்மா' என்றார். மண்டபம் தாண்டி வண்டி நடக்கிற வேகம். எல்லாரும் ஜன்னலுக்கு வந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. கீழே பார்த்தால் கம்பிக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் நீலம். கைப்பிடிச் சுவர் இல்லை. எதிர் சீட்டுப் பாட்டி காசை எறிந்தார், காற்று திருப்பி உள்ளே போட்டது, மறுபடி எறிந்தார். கருவாட்டு வாசனை, டீசல். பனங்கிழங்கு ஒரு கட்டு 20 ரூ. டீ 2 x 5. பாட்டிக்கு ஒரு ரூபாய் (எறிய)."